புட்டுத்தோப்பு முதல் தெப்பக்குளம் வரை: மதுரையில் ஒரு பகல்

தேனி, கம்பம், போடி, பெரியகுளம், திண்டுக்கல், பழநி பக்கத்திலிருந்து மதுரைக்கு வருகிற பேருந்துகள் ஆரப்பாளையத்தில்தான் வந்து நிற்கும். இறங்குகிற கிராமத்துக்காரர்களைப் பார்த்தால் போதும், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கையில் மஞ்சள் பை, அதற்குள் எக்ஸ்ரே கவர் என்றால் ஆஸ்பத்திரி. கட்டுக் காகிதம் என்றால் கோர்ட். புடவைக் கடைப் பை என்றால் வீட்டில் கல்யாணம். வந்த வேலை முடிந்ததும் கறவை மாட்டை நினைத்து அடுத்த பேருந்தைப் பிடித்துவிடுவார்கள். மதுரையைப் பார்க்கவென்றே வருகிற விவசாயக் குடும்பம் குறைவு. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே ஒரு நாள் வாய்த்தால், அப்படி வரலாம். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் முக்கியமானவற்றைப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டும் திரும்பிவிடலாம்.

கோயிலுக்கு ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று ஆரப்பாளையத்திலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வைகைக் கரையையொட்டிய புட்டுத்தோப்பு. வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால், உழவர்கள் சொந்தம் கொண்டாட வேண்டிய இடம் இது.

வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டிய மன்னன் உத்தரவு போட்டான். வந்தி என்ற கிழவிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. புட்டு விற்றுப் பிழைப்பவள். கூலி ஆளாக வந்து நின்ற சிவபெருமான், உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டார். வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் படுத்துத் தூங்கினார். மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் உட்பட எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது. இந்தத் திருவிளையாடலைத்தான் ஆவணி மூலத் திருவிழாவில் நடத்திக் காட்டுகிறார்கள். அன்று மீனாட்சியும் சொக்கநாதரும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேருவார்கள். மற்ற நாட்களில் இங்கே பெரிய கூட்டம் இருக்காது.

பக்திக் கதையாகக் கேட்டாலும் சரி, இதற்குள் இருப்பது கரை காக்கும் முறை. வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பங்கு, வர முடியாதவர் கூலிக்கு ஆள் அனுப்பலாம், வேலையில் ஏமாற்றினால் தண்டனை. கண்மாய்ப் பாசனத்து ஊர்களில் பெரியவர்கள் குடிமராமத்து என்று சொல்வது இதைத்தான். கரை வேலைக்கு வராதவன் கடவுளே ஆனாலும் அடி விழும் என்று ஒரு ஊர் கதை சொல்லி வைத்திருக்கிறது என்றால், அந்த ஊர் தண்ணீருக்கு எவ்வளவு பயந்திருக்கும், எவ்வளவு மரியாதை கொடுத்திருக்கும்!

அங்கிருந்து ஆற்றை எட்டிப் பார்த்தால் மனது கொஞ்சம் சுருங்கும். இரு கரையிலும் கான்கிரீட் சுவர், அதன்மேல் சாலை. அணையில் தண்ணீர் திறந்த நாட்களைத் தவிர, நடுவில் ஓடுவது பெரும்பாலும் ஊரின் சாக்கடைதான். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து வரும் தண்ணீரில் பாசனப் பங்கு பேரணையில் பெரியாறு கால்வாய்க்குத் திரும்பி, மேலூர்ப் பக்கம் போய்விடுகிறது. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்த பிறகு, மதுரை வட்டாரத்து நெல்லுக்கு உயிர் அந்தக் கால்வாய்தான். ஆறு தன் போக்கில் மானாமதுரை, பரமக்குடி வழியாகப் போய் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. மதுரை கலக்குகிற அழுக்கு கீழே இருக்கிற சம்சாரிக்குத்தான் போய்ச் சேருகிறது. சுற்றிப் பார்க்க வந்த நாளில் இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். மதுரையில் பார்க்கிற எதுவும் இந்த ஆற்றைத் தொடாமல் இல்லை என்பதுதான் காரணம்.

காலை வெறும் வயிற்றுக்கு ஏற்றது பருத்திப்பால். காலையிலும் மாலையிலும் தள்ளுவண்டியில் பித்தளைப் பாத்திரத்தோடு விற்பார்கள். மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கிற அதே பருத்திக்கொட்டைதான். இரவு ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, கொஞ்சம் அரிசி மாவு கரைத்துக் கொதிக்கவிட்டு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ சேர்த்தால் பருத்திப்பால். ஒரு டம்ளர் குடித்தால் வெகுநேரம் பசி தாங்கும். குடித்துப் பார்த்துவிட்டு வீட்டில் செய்ய நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விதைக்கென்று வாங்கிய, மருந்து கலந்த கொட்டையை இதற்குத் தொடவே கூடாது. அதன்பின் நாலு இட்லி. மதுரையில் இட்லிக்குச் சட்னி வகை வகையாக வரும், கூச்சப்படாமல் இரண்டாம் முறை கேட்கலாம்.

ஆரப்பாளையத்திலிருந்து கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். அதனால் முதலில் கோயில். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். போட்டோ எடுக்க முடியவில்லையே என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும். ஆனால், பொற்றாமரைக் குளத்துப் படியில் போன் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் தெற்குக் கோபுரத்தின் உயரம் கண்ணுக்குப் பிடிபடும்.

சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகர் இருக்கிறார். இன்றைய பிள்ளைகளுக்குக் குறுணி என்றால் தெரியாது. வீட்டுப் பெரியவர் சொல்லிக் கொடுக்க நல்ல இடம். ஒரு குறுணி ஆறு படி. முக்குறுணி பதினெட்டுப் படி. விநாயகர் சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசி மாவில் ஒரே கொழுக்கட்டை செய்து இவருக்குப் படைக்கிறார்கள். இந்தப் பிள்ளையார் தெப்பக்குளம் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர் என்பார்கள். அந்தக் குளத்துக்குச் சாயங்காலம் போகலாம்.

கோயில் வாசலில் மல்லிகை வாங்காமல் வரும் பெண்கள் கிடையாது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பூத்தாலும், பதியம் போட்ட நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் போகும் வழியிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. பனி விழும் மாதத்தில் பூ குறைந்து விலை ஏறும். பூ குவியும் மாதத்தில் பறிப்புக் கூலிக்குக் கட்டாது. முழம் போட்டுத் தரும் அம்மாவிடம் பேரம் பேசும்போது இது ஞாபகம் இருந்தால் நல்லது.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே எழுகடல் தெரு. மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலை நீராடுவதற்காக ஏழு கடலையும் சிவபெருமான் வரவழைத்த இடம் என்பது கதை. எழுகடல் என்று ஒரு குளமே இருந்தது. இப்போது கடைகள் இருக்கின்றன, பெயர் இருக்கிறது, குளம் இல்லை. டவுன்ஹால் ரோட்டில் துணியும் பேண்டும் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தக் கடைகளுக்குப் பின்னால் கூடலழகர் பெருமாளின் தெப்பக்குளம் அடைபட்டுக் கிடக்கிறது என்று? பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை என்றெல்லாம் தெருப் பெயர் உண்டு. படித்துறை என்றால் இறங்கிக் குளிக்கிற படி. இன்று அங்கே போனால் இறங்க வேண்டியது டவுன் பஸ்ஸிலிருந்துதான்.

வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரை விரிவாக்க முடிவு செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கே அந்த நிலம் என்றார். வேலை வேகமாக நடந்தது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்பவை அந்த வேலையை நடத்தியவர்கள் பெயர்கள். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். கரையை அடைத்தால் புட்டு கூலி என்றிருந்த ஊரில், நீரைத் தூர்த்தால் நிலம் கூலி என்று ஆனது!

மேலமாசி வீதியில் ஒரு வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர்க் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; இருந்தாலும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையும் தொப்பியும் விட்டு, உழவனைப் போல இடுப்பில் முழத்துணி மட்டும் கட்டிக்கொள்ள முடிவெடுத்தது இந்த வீட்டு மாடியில்தான். இப்போது கீழே கதர்க் கடை. தமுக்கம் பக்கம் இருக்கும் காந்தி மியூசியத்துக்கும் போக நினைத்தால் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

மதியம் சைவம் என்றால் எங்கும் சாப்பாடு கிடைக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் மெஸ்ஸில் முதலில் கேட்க வேண்டியது, "அயிரை மீன் குழம்பு இருக்கா?" விரல் நீளம்கூட இல்லாத மீன். ஆற்று மணலிலும் கண்மாய் மணலிலும் மண்ணைத் தின்று வாழும். உயிரோடு கொண்டுவந்து பாலில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும். அப்புறம்தான் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிப் புளிக்குழம்பு. மண்சட்டியில் வைத்த குழம்பைச் சோற்றில் ஊற்றினால் மீனை முள்ளெடுக்க வேண்டாம், அப்படியே சாப்பிடலாம். ஒரு சின்னக் கிண்ணத்துக்குக் கேட்கும் விலையைப் பார்த்து ஊர்க்காரர் மலைத்துப்போவார். அவர் சிறு வயதில் கண்மாய் அழியும்போது துண்டை விரித்து அள்ளிய மீன் அது. மீனுக்கு மணல் வேண்டும், மணலில் ஓடும் சுத்தமான தண்ணீர் வேண்டும். இரண்டையும் லாரியிலும் சாக்கடையிலும் தொலைத்த பிறகு, அயிரை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டாமல் என்ன செய்யும்? ஊர்க் கண்மாயில் இன்னும் அயிரை கிடைக்கிறதென்றால், அந்த ஊர் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

வெயில் தாழத் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. இரும்பு, சிமெண்ட் எதுவும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும், மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும். நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அதிலேயே ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் தேவைப்படுகிறது. வெளியே வந்தால் விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பால் ஊற்றுகிற குடும்பம் அதைக் குடித்துவிட்டு, தங்கள் ஒரு லிட்டர் பாலில் இத்தனை டம்ளர் தேறுமா என்று கணக்குப் போடாமல் இருக்க முடியாது. சுங்குடிச் சேலை வாங்குவதானால் அதையும் இந்தப் பக்கமே முடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். சுமார் பதினாறு ஏக்கர், நடுவில் மைய மண்டபம். 1645-இல் திருமலை நாயக்கர் அமைத்தது. மகாலுக்குச் செங்கல் அறுக்க இங்கேதான் மண் எடுத்தார்கள் என்பது மதுரைக்காரர்கள் சொல்வது. மண் எடுத்த பள்ளத்தை அப்படியே விட்டுவிடாமல், கல் கட்டி, வைகையிலிருந்து கால்வாய் இழுத்துக் குளமாக்கினார் நாயக்கர். இன்று மண் அள்ளிவிட்டுப் போகிற பள்ளங்களுக்கு அந்த யோகம் இல்லை. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுவாமியும் இங்கே தெப்பத்தில் வலம் வருவார்கள்.

நடுவில் பல வருஷம் இந்தக் குளம் காய்ந்து கிடந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீரில்லாத வருஷங்களில் தெப்பம் நிலைத் தெப்பமாக ஓரிடத்தில் நின்றது. பிறகு வைகையிலிருந்து வரும் பனையூர் கால்வாயைச் சீர்செய்து தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். குளம் நிறைந்தது, சுற்றியிருக்கும் வீடுகளின் ஆழ்குழாயிலும் தண்ணீர் ஏறியது. புதிதாக எந்த விஞ்ஞானமும் இல்லை, மூடிக்கிடந்த வாய்க்காலைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் படியில் இடம் பிடிப்பதே கஷ்டம். சுண்டல், அவித்த கடலை, பஜ்ஜி, பிள்ளைகளுக்குப் பஞ்சுமிட்டாய். காற்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வரும். மாடு கறக்க ஊரில் ஆள் சொல்லி வைத்தவர்கள் இருட்டும்வரை உட்காரலாம். போகிற வழியில் சிம்மக்கல்லில் கறிதோசை சாப்பிட்டுவிட்டு ஆரப்பாளையம் போனாலும் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் வண்டி இருக்கும்.