தெருவே பட்டறை

வட கொல்கத்தாவின் சோவாபஜார் சுதானுட்டி மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஹூக்ளி ஆற்றுப் பக்கமாக நடந்தால், சிறிது நேரத்திலேயே பனமாலி சர்க்கார் தெரு வந்துவிடுகிறது. சிலை வடிக்கும் குயவர்களின் பேட்டையான குமார்துலியின் உயிர்நாடி இந்தத் தெரு. ஆகஸ்ட் மாதக் கடைசியில் நான் போன அன்று மழை விட்டும் தூவானம் விடவில்லை. இரண்டு பக்கமும் மூங்கிலும் தகரமும் தார்ப்பாயுமாகப் பட்டறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துக் கைகளோடு, தலை இல்லாமல், வைக்கோல் துர்க்கைகள். உள்ளே இடம் போதாமல் சிங்கமும் மகிஷாசுரனும் பிள்ளையாரும் தெருவுக்கே வந்து நிற்கிறார்கள். மண் கூடை சுமப்பவர், தேநீர் விற்பவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் அவற்றுக்கு இடையே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் எந்தச் சிலையிலும் இடித்துக்கொள்வதில்லை. பிறந்ததிலிருந்து பழகிய கால்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் நவராத்திரிக்குக் கொலுப் படி கட்டும் அதே நாட்களில் வங்காளத்தில் துர்கா பூஜை. அதற்காகக் கொல்கத்தா மட்டுமில்லாமல் வெளியூர்களும் வெளிநாடுகளும் எதிர்பார்த்திருக்கும் சிலைகளில் பெரும்பங்கு இந்தச் சில சந்துகளிலிருந்துதான் போகிறது. பட்டறைகள் சில நூறு இருக்கும். அவற்றை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் ‘பால்’ என்ற குடும்பப் பெயர் கொண்ட குயவர்கள். பருவம் தொடங்கியதும் நதியா, முர்ஷிதாபாத் போன்ற மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வரும் கைவினைஞர்கள் பட்டறையிலேயே சமைத்து, சிலைகளின் காலடியிலேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

ரத யாத்திரை நாளில் மூங்கில் சட்டத்துக்குப் பூஜை போட்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். இந்தச் சட்டத்தை இங்கே ‘காட்டாமோ’ என்கிறார்கள். அதன்மேல் வைக்கோலைக் கற்றை கற்றையாக வைத்துச் சணல் கயிற்றால் இறுக்குகிறார்கள். ஒரு பட்டறை வாசலில் நின்று இந்த வேலையை நெடுநேரம் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். இடுப்பு ஒடுங்கியது, தோள் விரிந்தது. வைக்கோல் உடம்பாக மாறுவது கண்முன் தெரிந்தது. அளவுகோல் எதுவும் இல்லை. அவருடைய சாணும் முழமும்தான் கணக்கு. கட்டி முடித்த தோளை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். எங்கோ நெகிழ்ந்திருந்தது போலிருக்கிறது, அவ்வளவையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். வைக்கோல் தளர்ந்திருந்தால் மேலே பூசும் மண் வெடித்துவிடும். அப்புறம் எத்தனை பூச்சுப் பூசினாலும் அந்த வெடிப்பு மறையாது.

மண் இரண்டு வகை. பிசுபிசுப்பான ‘எண்டேல்’ மண் உடம்புக்கு. மணல் கலந்த ‘பேலே’ மண் மேற்பூச்சுக்கு. உலுபேரியா போன்ற ஆற்றோர ஊர்களிலிருந்து படகில் குமார்துலி துறைக்கு மண் வந்து சேரும். முதல் பூச்சில் உமி கலந்து பிசைகிறார்கள். அது காய்ந்து வெடித்ததும் இரண்டாம் பூச்சு. மிச்சமுள்ள வெடிப்புகளின் மேல் குழைமண்ணில் நனைத்த துணிக் கீற்றை ஒட்டி வழிக்கிறார்கள். முகமும் விரல்களும் தனியே வார்க்கப்பட்டுப் பிறகு பொருத்தப்படும். அடுத்து வெள்ளைப் பூச்சு, அதன்மேல் புளியங்கொட்டைப் பசை சேர்த்த வண்ணம். கடைசி வேலை கண். மஹாளய அமாவாசையன்று கண் திறப்பது மரபு. அதற்குப் பட்டறையில் மூத்த கைதான் தூரிகை எடுக்கும்.

இவ்வளவையும் ஒரே குடும்பம் செய்வதில்லை. குமார்துலியைப் புரிந்துகொள்ள இந்தப் பங்கீட்டைப் பார்க்க வேண்டும். மூங்கில் கட்டுபவர் வேறு, மண் மிதிப்பவர் வேறு, முகம் வார்ப்பவர் வேறு. தேவியின் கூந்தல் சணல் நாரைச் சாயத்தில் தோய்த்துச் செய்வது. அதில் பெரும்பகுதி ஹௌரா மாவட்டத்துப் பார்வதிபூரில் இஸ்லாமியக் குடும்பங்களின் கைகளில் உருவாகிறது. வெள்ளை வெளேரென்ற கிரீடமும் மாலையும் நெட்டியில் செதுக்கியவை. தஞ்சாவூரில் கோயில் கோபுரம் செதுக்குகிறார்களே, அதே நெட்டிதான். ஜிகினா, ஜரிகை, தகர ஆயுதம், காகித மாலை விற்கும் கடைகள் எல்லாம் சுற்றுச் சந்துகளிலேயே இருக்கின்றன. ஒரு பட்டறையில் வேல் உடைந்தால் அடுத்த தெருவில் வேல் கிடைக்கும். வண்ணம் தீர்ந்தால் எதிர்வாசலில் கடன் கேட்கலாம். சிலையை வெளியே எடுக்கும் நாளில் மூங்கில் கழிகளில் தூக்கி, சந்து சந்தாகத் திருப்பி, லாரி நிற்கும் ரவீந்திர சரணி வரை கொண்டுபோக ஒரு கூட்டமே வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு அந்தக் கூட்டம் வந்து தோள் கொடுக்கிறது.

இந்த ஏற்பாடு உருவாக இரண்டரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. பிளாசிப் போர் நடந்த 1757-இல் சோவாபஜார் அரண்மனையில் ராஜா நபகிருஷ்ண தேவ் துர்கா பூஜையைப் பெரும் விழாவாக நடத்தினார். செல்வர் வீடுகளில் பூஜை பெருகப் பெருக, நதியாவின் கிருஷ்ணநகரிலிருந்து குயவர்கள் பருவத்துக்குப் பருவம் ஆற்று வழியே வந்துபோனார்கள். பிறகு ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டார்கள். மண்ணும் வைக்கோலும் படகில் வந்து இறங்க வேண்டும், சிலை வாங்குகிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தோதான இடம் இது. இருபதாம் நூற்றாண்டில் பூஜை மாளிகை முற்றத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தது. பாக்பஜாரில் 1919-இல் அக்கம்பக்கத்தார் பணம் திரட்டிப் பொதுப் பூஜை தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பேட்டைக்குப் பேட்டை குழுக்கள் கிளம்ப, சிலைத் தேவை பன்மடங்கானது. 1947-இல் வங்காளம் இரண்டானபோது டாக்கா, பிக்ரம்பூர்ப் பக்கத்துக் குயவர்கள் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். அவர்களுடைய பாணி வேறு, வட்டாரப் பேச்சு வேறு. பழைய குடும்பங்களோடு முதலில் உரசல் இருந்தது, சங்கங்களும் தனித்தனியே அமைந்தன. ஆனால் மண் ஒரே துறையில்தான் இறங்கியது.

பழையவர்களில் கோபேஷ்வர் பாலின் பெயர் இன்றும் தெருவில் அடிபடுகிறது. 1924-இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்குப் போய், பார்வையாளர்கள் முன்னிலையில் மண்ணில் உருவங்களைப் பிடித்துக் காட்டியவர். அதுவரை துர்க்கையும் அவள் பிள்ளைகள் நால்வரும் ஒரே பின்புலச் சட்டத்தில் ஒட்டி நிற்பதுதான் வங்காள மரபு. 1930-களில் குமார்துலிப் பொதுப் பூஜைக்கு அவர் ஒவ்வொரு சிலையையும் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தினார். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள், மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்று பாதிப் பந்தல்களில் காண்பது அவர் பிரித்து வைத்த குடும்பத்தைத்தான். மரபென்று சொல்லப்படும் இந்தத் தொழில் காலம் கேட்டபடியெல்லாம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் மாற்றம் தாமதமாக வந்தது. வீட்டுப் பெண்கள் மண் பிசைவார்கள், நகை ஒட்டுவார்கள். பட்டறை நடத்துவது ஆண்களின் உரிமை என்றே இருந்தது. மாலா பால், சைனா பால் இருவரும் தந்தையை இழந்த பிறகு பட்டறைப் பொறுப்பை ஏற்றவர்கள். பெண் செய்த சிலையை வாங்கலாமா என்ற கேள்வியை இருவரும் எதிர்கொண்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு வேலையைக் காட்டித்தான் பதில் சொன்னார்கள். 2015-இல் கொல்கத்தாவின் திருநங்கையர் தங்கள் பூஜைக்கு அர்த்தநாரீஸ்வர வடிவில் துர்க்கை வேண்டுமென்று கேட்டபோது அதை வடித்தவர் சைனா பால். குமார்துலிக்குள் இன்று இளம்பெண்கள் தூரிகையோடு உட்கார்ந்திருப்பதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

மழைதான் இங்கே பொது எதிரி. பூஜைக்கு முந்தைய இரண்டு மாதமும் வங்காளத்தில் அடைமழைக் காலம். மண் காயாது. எரிவாயு அடுப்பின் சுடரைக் குழாய் வழியே சிலைமேல் காட்டி உலர்த்துகிறார்கள். நான் போன அன்று மாலை மழை திடீரென வலுத்தது. அடுத்த நொடியில் தெருவே ஓடியது. யார் பட்டறை, யார் சிலை என்ற பேச்சே இல்லை. கைக்கு எட்டிய தார்ப்பாயை இழுத்து எதிரில் நின்ற சிலையை மூடினார்கள். தேநீர்க் கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து ஒரு சரஸ்வதியைத் தோளோடு அணைத்துத் தூக்கி உள்ளே வைத்தார். 2020 மே மாதம் அம்பான் புயல் அடித்தபோது பல பட்டறைகளின் கூரைகள் போயின. அது கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தாகியிருந்த நேரம். அந்த ஆண்டை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டால், ஒருவர் கூரையை மற்றவர் போட்டுக் கொடுத்ததைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

சுற்றியுள்ள நகரம் மாறிக்கொண்டிருக்கிறது. 1985-இல் பெயின்ட் நிறுவனம் ஒன்று சிறந்த பூஜைகளுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியதும் பந்தல்களுக்குள் போட்டி சூடு பிடித்தது. ஆண்டுக்கொரு கருப்பொருள், அதற்கேற்ற கலை அமைப்பு என்று ‘தீம்’ பூஜைகள் வந்தன. ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் வடிவமைக்கிறார்கள். பல இடங்களில் சிலையும் பந்தலிலேயே உருவாகிறது. அதனால் குமார்துலிக்குப் போகவேண்டிய வேலையும் பெயரும் சிறிது கைமாறின. மறுபக்கம் ஃபைபர் கிளாஸ் சிலைகள் பெருகின. எடை குறைவு, உடையாது, கப்பலிலும் விமானத்திலும் பல மாதம் முன்பே அனுப்பலாம். நெடி தாங்காமல் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்த வேலையையும் பால் குடும்பத்துப் பையன்களே செய்கிறார்கள். ஆனால் படித்த பிள்ளைகள் பலர் பட்டறைக்குத் திரும்புவதில்லை. கந்துக்கு வாங்கி மண்ணும் மூங்கிலும் கொள்முதல் செய்து, சிலையை விற்று அடைத்து, மறுபடி கடன் வாங்கும் வாழ்க்கையைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டவர்கள் அவர்கள்.

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பேட்டையை இடித்துக் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில், ஒழுகும் கூரைகளுக்கும் சாக்கடைக்கும் பதிலாக அடுக்குக் கட்டடங்களும் நவீனப் பட்டறைகளும் என்று அறிவித்தார்கள். சில குடும்பங்கள் தற்காலிக இடத்துக்கு மாறவும் செய்தன. திட்டம் நிறைவேறவில்லை. தயக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருப்பவர்கள். எந்தக் காகிதத்தை நம்பி இடத்தைக் காலி செய்வது என்பது அவர்கள் கவலை. வேலை சார்ந்த கவலை அதைவிடப் பெரியது. பன்னிரண்டு அடிச் சிலையை மாடிப்படியில் இறக்க முடியாது. டன் கணக்கில் வரும் ஈர மண்ணைத் தரையில்தான் கொட்ட வேண்டும். வெயில் படுகிற திறந்த இடம் வேண்டும். நெட்டி வேலைக்காரரும் முடிக் கடைக்காரரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒருவருக்கு இத்தனை சதுர அடி என்று அளந்து கொடுத்தால், பட்டறைக்கு வெளியே தெருவில் நடக்கும் பாதி வேலைக்கு அந்தக் கணக்கில் இடமே கிடைக்காது.

பூஜைக்குப் பெருமை குறைவில்லை. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பூஜையைச் சுற்றிய படைப்புத் தொழில்களின் மதிப்பை பிரிட்டிஷ் கவுன்சில் ஆய்வு ஒன்று 2019-ஆம் ஆண்டு நிலவரப்படி 32,377 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதில் சிலை செய்வதன் பங்கு 260 முதல் 280 கோடி. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூட இல்லை. துணிக்கடை, உணவகம், விளம்பரம் என்று எல்லோரும் சம்பாதிக்கும் விழாவில், விழாவின் நாயகியை உருவாக்கும் தெருவுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

பூஜை முடிந்து சிலைகள் ஆற்றில் கரைந்த பின், மிதக்கும் காட்டாமோக்களை இழுத்துக் கரை சேர்க்கிறார்கள். அவற்றில் பல குமார்துலிக்கே விலைக்குத் திரும்புகின்றன. லட்சுமி, காளி, ஜகத்தாத்ரி, தை மாசியில் சரஸ்வதி என்று அடுத்தடுத்த பூஜைகளுக்கு வேலை தொடர்கிறது. அங்கே பேசியவர்கள் கேட்பவை நடைமுறைக்குரியவை: இருக்கும் இடத்துக்கு உரிமைப் பத்திரம், வங்கியில் நியாய வட்டிக்குப் பருவக் கடன், ஒழுகாத உயரமான கூரை, மண் கொட்டப் பொது முற்றம், தேங்காத வடிகால். இதில் ஒன்றுக்கும் பேட்டையை இடிக்கத் தேவையில்லை. மறுபடி ஒரு திட்டம் வருமானால், அதை வரையும் மேசையில் சிலை வடிப்பவரோடு நெட்டி செதுக்குபவரும் முடி விற்பவரும் சிலை சுமப்பவரும் உட்கார வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தெரு.