கடாரத்துக்குப் போக வழி

நமது தமிழ் மேடைகளில் கடாரத்தைக் குறிப்பிடாத சொற்பொழிவு அபூர்வம். பொங்கல் விழாவாயினும், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவாயினும், பேச வருகிறவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, இராசேந்திர சோழன் 1025-ம் ஆண்டில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான் என்று முழங்காமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. சபையோரும் கை தட்டாமல் விடுவதில்லை. ஆனால், முழங்கியவரையும் கை தட்டியவரையும் தனியே அழைத்து, “ஐயா, அந்தக் கடாரத்துக்கு இங்கிருந்து எப்படிப் போவது? எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்குவது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள். சிலர் அது சுமத்திராவில் இருக்கிறதென்பார்கள். சிலர் அது அழிந்தே போயிற்றென்பார்கள். கடாரம் என்பது இன்றைய கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் கொள்கை. அதன் பழஞ்சின்னங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கோ, பட்டவொர்த்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மாலையில் வீட்டுக்கு வந்து விளக்கேற்றலாம். பெருமை பேசத் தெரிந்த நமக்குப் போகும் வழி தெரியாமற் போனது ஏன்?

நாம் பிறைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். படிப்பெல்லாம் ஆங்கிலத்தின் வழியாகவே நடந்தபடியால், கெடாவைப் பற்றி அறியுமுன் ரோமாபுரியைப் பற்றி அறிந்தோம். வெசுவியஸ் எரிமலை 79-ம் ஆண்டில் சீறிப் பொம்பேயி நகரைப் புதைத்ததும், 1748-ம் ஆண்டில் அங்கே தோண்டத் தொடங்கியதும் பள்ளிப்பருவத்திலேயே நமக்கு மனப்பாடம். அந்நகரைப் பற்றிப் பிற்காலத்தில் படித்த ஒரு சிறு செய்தியே நம்மைச் சிந்திக்க வைத்தது. நேப்பிள்ஸ் நகரில் உள்ளூர் ரயிலேறுகிற ஒருவர், பொம்பேயி இடிபாடுகளின் வாயிலருகிலேயே இறங்கிவிடலாம். ரோமாபுரியின் பழைய துறைமுகமாகிய ஒஸ்தியாவுக்கும் புறநகர் ரயில் உண்டு. மோட்டார் வைத்திருக்கும் சீமானும், இடுப்பில் பிள்ளையோடு வரும் ஏழைத் தாயும் ஒரே வழியில் போய் ஒரே கல்லைக் காணலாம். தோண்டி எடுத்தால் மட்டும் போதாது. சாமானியன் போய்ப் பார்க்கவும் வகை இருக்கவேண்டும். அப்போதுதான் பழைய நகரம் ஜனங்களுடைய சொத்தாகிறது. அதுவரை அது படித்தவர்களின் புத்தகத்துக்குள்ளேதான் கிடக்கிறது.

பூஜாங் பள்ளத்தாக்கில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர் இருக்கலாம். அங்கே 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை கடலுக்கு அருகிலேயே எழுந்து நிற்கிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அம்மலையே வழிகாட்டி. அதன் அடிவாரத்து மெர்போக் ஆற்று முகமே துறை. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. அக்காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பினான்; அதற்கு இராசேந்திரனின் தந்தையாகிய இராசராசன் ஓர் ஊரையே தானமாகக் கொடுத்தான். மேடையிலே நாம் முழங்கும் படையெடுப்புக்கு முன்னே, போக்குவரத்தும் கொடுக்கல் வாங்கலும் நட்பும் இருந்தன. அதை யார் முழங்குகிறார்கள்?

நாம் வாழும் செபராங் பிறை மண்ணிலேயே 1834-ம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் பெருமாலுமியின் பெயரைத் தாங்கிய அக்கல் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்பர். இன்று அது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவன் வேண்டுவது பொன்னுமன்று, வெற்றியுமன்று. போகும் பிரயாணம் இனிது முடியவேண்டும் என்பதே. பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து கடல் கடந்தவர்கள் அவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 60 கிலோமீட்டர் கடக்க முடியாதவர்கள் நாம்!

இனி வழிகளைச் சொல்லுவோம். நாம் வெவ்வேறு தடவைகளில் வெவ்வேறு விதமாகப் போய்ப் பார்த்தே இதை எழுதுகிறோம்.

பினாங்குத் தீவிலிருந்து வருகிறவர்கள் முதலில் கடலைக் கடக்கவேண்டும். நூறாண்டு கடந்த படகுப் போக்குவரத்து இன்றும் உண்டு. ஆயினும், மோட்டார் வண்டிகளை ஏற்றிவந்த பழைய பெரும் படகுகளின் காலம் 2020-ம் ஆண்டின் முடிவோடு முடிந்தது. 2023 முதல் ஓடும் புதிய படகுகள் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. கார் உள்ளவர்கள் 1985-ல் திறந்த பாலத்தின் வழியாகவோ, 2014-ல் திறந்த இரண்டாம் பாலத்தின் வழியாகவோ வரவேண்டும். கால்நடையாக வருகிறவர்களுக்குப் படகே மேல். இறங்கும் துறைக்கு அருகிலேயே பட்டவொர்த் ரயில் நிலையம் இருக்கிறது. பிறைவாசிகளாகிய நமக்கோ கடல் கடக்கும் வேலையே இல்லை.

பட்டவொர்த்திலிருந்து வடக்கே பாடாங் பெசார் வரை 2015 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர் நிலையங்களைத் தாண்டினால் சுங்கை பட்டாணி. ஒரு மணி நேரங்கூட ஆகாது. கட்டணமும் கூலிக்காரன் கொடுக்கக் கூடியதே. வண்டி குளிர்ச்சியாயிருக்கிறது, கிழவருக்கும் குழந்தைக்கும் அலுப்பில்லை. இவ்வளவுதூரம் எல்லாம் செம்மையே. இதற்கப்பால்தான் சங்கடம்.

சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் அருங்காட்சியகம் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். ரயில் அங்கே போவதில்லை. ஊர்ப் பேருந்தை நம்பினால் காத்திருக்கும் பொறுமை வேண்டும். அதுவும் மெர்போக் கடைத்தெருவில் விட்டுவிடும். அப்பால் வெயிலில் மேட்டு நடை. கைப்பேசியில் வாடகைக் கார் அழைக்கலாம். போகும்போது அது சொன்னபடி வந்துவிடும். ஏனெனில் சுங்கை பட்டாணி பெரிய ஊர். திரும்பும்போதுதான் சிரமம். மலையடிவாரத்தில் நின்று ஒரு மணி நேரம் கைப்பேசியைப் பார்த்தபடியிருந்தும் ஒரு வண்டியும் கிடைக்காத அனுபவம் நமக்கு உண்டு. ஆகையால், இவ்வழியே போகிறவர்கள் வண்டிக்காரரிடம் முன்னதாகவே பேசி, காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி ஒத்துக்கொண்டு, அவரையே திரும்பவும் அழைத்துவரச் சொல்லுவது உத்தமம். இருவர் மூவர் சேர்ந்தால் இது கட்டும், தனியாளுக்குக் கட்டாது.

சொந்தக் கார் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போய், பீடோங், செமெலிங் வழியாக மெர்போக்கை அடையலாம். வழியிலேயே சுங்கை பத்து அகழ்வாராய்ச்சி இடம் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் காணலாம். ஆனால் தோட்டத்துத் தொழிலாளி வீட்டில் காருக்கு எங்கே போவது? அவனிடமிருப்பது மோட்டார் சைக்கிள். அதில் இளைஞன் போகலாம். அவன் தாயாரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போவதெங்ஙனம்? கடைசி இருபது கிலோமீட்டர் காருள்ளவனுக்கு மட்டுமே சுலபமாயிருக்கிற காரணத்தால், பெண்களும் முதியோரும் குழந்தைகளும் கடாரத்தைக் காணாமலே இருந்துவிடுகிறார்கள். இதை வெறும் பிரயாண அசௌகரியமென்று தள்ளிவிடலாமா?

இதற்கு நாம் கண்ட பரிகாரம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு நமது தோட்டத்தில் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு வேனை நாள் வாடகைக்கு அமர்த்தினோம். சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனோம். ஆளுக்கு விழுந்த தொகை இரண்டு வேளைக் கடைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டவில்லை. வேன் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கியது; ஒருவரும் வெயிலில் நிற்கவில்லை. பல வழிகளையும் நிறுத்துப் பார்த்தால், நம்மவர்க்கு இதுவே முதல் தரமானது என்பது நமது தீர்ந்த அபிப்பிராயம்.

முதலில் சுங்கை பத்துவுக்குப் போனோம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டி, செங்கற் கட்டடங்களையும், படகுத்துறையின் அடையாளங்களையும், இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சங்களையும், உலைக்குக் காற்றூதிய களிமண் குழாய்களையும் வெளிப்படுத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் செம்பனை. நாம் நாள்தோறும் கணக்கெழுதும் அதே மரந்தான்! அதன் வேர்களுக்கு அடியில், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தொழிற்சாலை. பிறகு 1980-ல் திறந்த மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஓடைக்கரையில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. 1936, 1937-ம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவியாரும் இப்பள்ளத்தாக்கில் ஆராய்ந்தபோது வெளிப்பட்டது அது. 1960-ஐ ஒட்டிச் சீர்ப்படுத்தி நிறுத்தப்பட்டது. கூரை இல்லை, தூண்கள் நின்ற கற்குழிகள் உள்ளன. வேறிடங்களில் கண்ட சில கட்டடங்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து அருகே அமைத்திருக்கிறார்கள். மலாய் மொழியில் இவற்றைச் சண்டி என்பர்.

நம்முடன் ஒரு மூதாட்டி வந்திருந்தார். இளமையில் பால்மரம் சீவி, காண்டாவாளி சுமந்து தோள் காய்த்தவர். எழுத்து வாசனை இல்லாதவர். படிக்கல்லொன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “தம்பி, கட்டுன ராசா பேரெல்லாம் சொல்றீங்க, இந்தக் கல்லைச் சுமந்தவுங்க பேரு எங்கேயாச்சும் எழுதியிருக்கா?” என்று கேட்டார். நாம் படித்த ஆங்கிலப் புத்தகங்களிலும் தமிழ்ப் புத்தகங்களிலும் இக்கேள்விக்கு விடையில்லை. இரும்பை உருக்கியவன், செங்கல் அறுத்தவன், துடுப்புப் போட்டவன், மூட்டை சுமந்தவன் ஆகிய இவர்களன்றோ கடாரம்? இக்கேள்வி மேடைப் பேச்சாளர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சுமந்தவருக்கே தோன்றிற்று. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு வாடகை வேன். போக்குவரத்து என்பது அற்ப விஷயமென்று இனி யாராவது சொல்லக் கூடுமா?

இன்னொன்றையும் நாம் சொல்லியாகவேண்டும். இப்பள்ளத்தாக்கில் 11 என்று எண்ணிடப்பட்ட சண்டியொன்று, வீட்டு மனைக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2013-ம் ஆண்டில் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் அது. தனியார் நிலத்தில் இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடமென்று அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. சட்டம் காவாத இடத்தைக் காத்திருக்கக் கூடியது ஒன்றே. அது ஜனங்களின் நடமாட்டம். வாரந்தோறும் ஐம்பது பேர் வந்து போகிற இடத்தில் மண்வாரி இயந்திரம் வந்து நின்றால், அன்றைக்கே நாலு பேர் ஏனென்று கேட்டிருப்பார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் இயந்திரம் தன் வேலையை முடித்துக்கொண்டது. பிறகு நாம் கண்டித்தோம், கூட்டம் போட்டோம். இடிந்த கல் கண்டனத்தால் எழுந்துவிடுமா?

ஆகவே தோழர்களே, கடாரத்தைப் பற்றிய அடுத்த சொற்பொழிவை ஏற்பாடு செய்யுமுன் ஒரு வேனை ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்ப் பள்ளிகளும், வாசக சாலைகளும், தோட்டத்து இளைஞர் மன்றங்களும் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் இதைச் செய்தல் கூடும். விழாவில் ஓரிரவு ஒலிபெருக்கிக்கும் மாலைக்கும் செலவாகும் பணம், பதினான்கு பேரைக் கடாரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரப் போதும். அழைக்கும்போது பெண்களையும் முதியோரையும் முதலில் அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் போகக்கூடிய வாலிபர்கள் பின்னால் வரட்டும். புறப்படுமுன் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். குடையும் தண்ணீரும் மறவாதீர்கள். அரசாங்கத்தாரிடம் கேட்கவேண்டியதும் பெரிதல்ல: ஞாயிறுதோறும் சுங்கை பட்டாணி ரயில் நிலையத்திலிருந்து சுங்கை பத்து வழியாக மெர்போக் அருங்காட்சியக வாசல் வரை ஒரு பேருந்து போய் வரட்டும். அந்த ஒரு பேருந்து ஓடத் தொடங்கினால் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே வண்டியில் போவார்கள். பழைய கடாரத்துத் துறையிலும் பல நாட்டாரும் பல மதத்தாரும் அப்படித்தான் வந்திறங்கினார்கள். பேருந்து வரும் வரையில் வேன் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் சேருங்கள்.