பெரிய சோடி வந்தால் எவ்வளவு கேட்பது?

எங்கட பக்கத்தில் போக்கருக்கு ஆள் பிடிக்கிறது கஷ்டம். முன்னூற்றி நாலுக்கு ஆள் பஞ்சமே இல்லை. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேரும் இரண்டையும் விளையாடியிருக்கிறோம். இரண்டும் காசில்லாமல்தான். காசு வைத்தால் அது சூது, ஹராம். அதில் எங்களுக்குள் விவாதம் கிடையாது. காசு வைக்காவிட்டாலும் கடதாசியைத் தொடாதே என்கிற உம்மாமாரும் இருக்கிறார்கள், அது வேறு கட்டுரை.

முன்னூற்றி நாலில் 32 கடதாசி. ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. முதல் நாலு கடதாசியைப் பார்த்தே கேட்க வேண்டும். ஒரே இனத்தில் ஜேக்கும் ஒன்பதும் வந்தால் அதுதான் பெரிய சோடி, கையிலேயே 50. புதிசா விளையாடுறவன் உடனே 200 என்பான். ஆனால் 160 கேட்டாலே மொத்தத்தில் பாதியைவிட எட்டுப் புள்ளி கூட எடுக்க வேண்டும். எங்கட கணக்கில் 160இல் வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. ஆகவே 160இல் தொடங்கி, எதிராளி ஏற்றினால் மட்டும் ஏறுவதுதான் புத்தி.

போக்கரில் இது தலைகீழ். கையில் இரண்டே கடதாசி. இரண்டும் ஆசாக வருவது சராசரியாக 221 தடவைக்கு ஒருமுறை. எதிரே ஒருவன் மட்டும் நின்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 தடவை வெல்லலாம். ஐந்து பேரும் கடைசிவரை நின்றால் அது பாதிக்கு வந்துவிடும். அதனால் சிலரை விரட்டுகிற அளவுக்காவது வைக்கவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் எல்லாரும் போய்விடுவார்கள், நடுவில் கிடக்கிற கட்டாயப் பந்தயம் மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கட்டாயப் பந்தயத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு என்பது வழக்கமான அளவு. போட்டியில் நேரம் போகப் போக அதுவும் ஏறும். கையிருப்பு அதன் பத்து மடங்குக்குக் கீழே வந்துவிட்டால் மடங்குக் கணக்கெல்லாம் வீண், முழுசையும் தள்ளவேண்டியதுதான்.

புளியங்கொட்டையை வைத்து விளையாடினோம். ஒருத்தனும் கையை மடக்கவில்லை. முடிந்தால் இன்னொரு பிடி அள்ளலாமே! பிறகு சட்டம் போட்டோம்: கொட்டை முடிந்தால் எழும்ப வேண்டும், மற்றவர்களுக்கு பிளேன்டீ போட வேண்டும். அன்றுதான் எல்லாரும் யோசித்து வைத்தார்கள். தேத்தண்ணியும் பந்தயம்தானே என்று இஸ்லாமியக் கற்கை படிக்கிற கூட்டாளி கேட்டான். அதையும் எடுத்துவிட்டோம். எழும்பிப் போகிறது மட்டும் மிஞ்சியது, அதுவே போதுமாக இருந்தது.

எங்கட பட்ச் பையன் ஒருத்தன் போன் செயலியில் விளையாடினான். முதலில் இலவச சிப்ஸ். அது முடிந்ததும் இன்னொரு பிடி அள்ளலாம், ஆனால் விலைக்கு. மகாபொல காசு மாதாமாதம் அதற்குள் போனது. வென்றாலும் அந்த சிப்ஸைக் காசாக்க முடியாது. “நான் காசு வைக்கல்ல மச்சான், சிப்ஸ்தான் வாங்கினேன்” என்றான். ஆசு சோடிக்கு எத்தனை மடங்கு வைப்பது என்பது எங்களைவிட அவனுக்கு நல்லாத் தெரியும். சிப்ஸுக்குக் கணக்கு வைத்திருந்தான், ரூபாய்க்கு வைத்திருக்கவில்லை. கன்டீனில் கடன் ஏறின பிறகுதான் எங்களுக்கே விளங்கியது.

இப்போது செயலியை அழித்துவிட்டு பின்னேரங்களில் எங்களோடு முன்னூற்றி நாலுக்கு இருக்கிறான். ஜேக்கும் ஒன்பதும் வந்தால் இன்னும் முதல் வாய்க்கே 200 என்கிறான். அவனுக்குக் கூட்டாக இருக்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஏசுகிறான்.