யாம் பத்தி பிரிக்கக் கற்ற வரலாறு

எழுதத் தெரிந்தோர் யாவரும், எழுதியதைப் பிறர் படிக்கத்தக்கவாறு ஒழுங்குபடுத்தத் தெரிந்தோர் ஆகார். இவ்வுண்மையை யாம் பட்டறிந்த வரலாறு சிறிதேயாயினும், இம்மலரைப் படிக்கும் மாணாக்க நண்பர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம். பிள்ளைப் பருவ முதலே கணிப்பொறியைக் கையாண்டு வந்தோம் என்னும் செருக்கு எமக்கு மிக உண்டு. அச்செருக்கு ஒரே பிற்பகலில் அழிந்தது. அஃது அழிந்த வகையே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதுகலை வகுப்பின் இறுதியாண்டில், எம் தாயைப் பெற்ற அப்பிச்சியின் வாய்ச்சொற்களைத் தொகுத்து ஆய்வேடு ஒன்று எழுதத் தொடங்கினோம். பல்லடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அவருடைய தோட்டம் உள்ளது. கொங்கு நாட்டார் கிணற்றுப் பாசனமுடைய நிலத்தைத் தோட்டம் என்றும், மழையை நோக்கியிருக்கும் நிலத்தைக் காடு என்றும் வழங்குவர். மின்மோட்டார் பரவுதற்கு முன்னர்த் தோட்டங்களுக்கு நீர் இறைத்துத் தந்தது எருது பூட்டிய கவலையே. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்ததன் பின்னர், கவலை சிறிது சிறிதாக மறைந்தது. அதனுடன் அதன் உறுப்புக்களின் பெயர்களும் தொழிற்சொற்களும் மறையலாயின. வடம், உருளை, பறி, மடை என அப்பிச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். அவர்க்கு அகவை எண்பதைக் கடந்திருந்தது. கண்ணொளியும் குறைந்து வந்தது. "அச்சுல வந்ததும் எனக்கொண்ணு கொண்டா கண்ணு, நானே படிச்சுப் பாக்கோணும்" என்பதே அவர் எம்மிடம் கேட்ட கைம்மாறு.

ஏட்டைக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்திய நாள், காந்திபுரத்து அச்சுக்கடை ஒன்றிற்குப் பென்டிரைவில் அதனைக் கொண்டு சென்றோம். கடைக்காரர் தம் பொறியில் அதனைத் திறந்தார். அந்தோ! முதலிரண்டு இயல்களில் தமிழைக் காணோம்; பொருளற்ற இலத்தீன் எழுத்துக்கள் வரிவரியாக நின்றன. எஞ்சிய இயல்களில் தமிழ் இருந்தது, ஒழுங்கு இல்லை. நடுவில் நிற்கவேண்டிய தலைப்புக்கள் ஓரத்திற்கு ஒதுங்கின. பக்கத் தொடக்கத்தில் இருந்த இயல் பக்கத்தின் இடையில் வந்து வீழ்ந்தது. சொற்பட்டியலின் நேர்வரிசைகள் குலைந்து, ஒரு சொல்லின் பொருள் மற்றொரு சொல்லின் எதிரே நின்றது. பொருளடக்கத்தில் யாம் கையால் இட்ட பக்க எண்களுள் ஒன்றேனும் பொருந்தவில்லை. ஆசிரியர் இரக்கங்கொண்டு மூன்று நாள் தவணை தந்தார்.

அத்தவணையின் முதல் நாளில் எமக்குக் கைகொடுத்தவர் ஓர் எழுத்தர் அம்மையார். அவர் இளமையில் தட்டச்சுப் பள்ளியிற் பயின்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் மேல்நிலை தேறியவர். நம் ஊர்ப்பக்கத்து மாணாக்கர் பலர் பள்ளி விடுமுறையில் அத்தகைய பள்ளிகளுக்குச் செல்வதை அனைவரும் அறிவர். அத்தேர்வின் ஒரு தாள் விரைவைச் சோதிப்பது. மற்றொரு தாள் கடிதத்தையும் அட்டவணையையும் ஒழுங்குற அமைக்கும் திறத்தைச் சோதிப்பது. அட்டவணையின் நிரல்களுக்கு எழுத்தெண்ணிக் கணக்கிட்டு, டேப் நிறுத்தங்களை முன்னரே குறித்தல் வேண்டும். தலைப்பை நடுவில் நிறுத்த, தாளின் நடுவிடத்திலிருந்து தலைப்பெழுத்துக்களின் தொகையிற் பாதியளவு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். எம் கோப்பைச் சிறிது நேரம் நோக்கிய அம்மையார், "அப்போ நாங்க எண்ணி எண்ணித் தட்டினோம், இப்போ மிஷினே எண்ணுது. அப்புறம் ஏனுங்க தம்பி இத்தனை ஸ்பேஸ் தட்டி வெச்சிருக்கீங்க?" என்று வினவினார். எமக்கு விடை தோன்றவில்லை.

முதற்கண் எழுத்தின் குழப்பத்தை அவர் விளக்கினார். யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள், தமிழுக்கு ஏற்ற தட்டச்சு விசைப்பலகையை வகுத்தார். தட்டச்சில் அடித்தது தாளிற் பதிந்துவிடும், பிறகு மாறாது. கணிப்பொறியிலோ ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே சேமிக்கப்பெறுகின்றது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் இலத்தீன் எழுத்துக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்கள் அமைக்கப்பட்டிருந்தன. ஆதலின் அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் இலத்தீனே தோன்றும். யூனிகோடு முறையிலோ தமிழுக்கெனத் தனி எண்கள் உண்டு. அதன் முதற்பதிப்பு 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2010 ஜூன் திங்களில் நம் கோவையில் செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்ற காலத்தே, தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. எம் ஊரில் நிகழ்ந்ததை யாமே அறியாது, இரண்டு இயல்களைப் பாமினியில் அடித்து வைத்திருந்தோம்! எழுத்துரு மாற்றும் கருவி கொண்டு அவற்றை யூனிகோடாக்கி, பிழைபட்ட இடங்களைக் கையால் திருத்தினோம்.

அடுத்து, பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானை அம்மையார் அழுத்தினார். அழுத்தியவுடன் எம் குற்றமெல்லாம் வெளிப்பட்டது. யாம் தட்டிய ஒவ்வொரு ஸ்பேசும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வோர் என்டரும் ஒரு பத்திக் குறியாகவும் திரை முழுதும் தோன்றின. எழுத்துருவோ தாளின் அளவோ சிறிது மாறினும் இவையெல்லாம் இடம்பெயரும் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். அவற்றை அகற்றி, தலைப்பை நடுவில் நிறுத்த அதற்குரிய கட்டளையையும், பத்தியின் முதல்வரியை உள்ளே தள்ள அதற்குரிய அளவையும் இட்டோம். புதிய பக்கத்திற்குக் கண்ட்ரோல், என்டர் ஆகிய இருவிசைகளையும் ஒருங்கே அழுத்தினாற் போதும். சொற்பட்டியலுக்கு அட்டவணை அமைத்து, சொல் ஒரு கட்டத்திலும் பொருள் மறு கட்டத்திலும் நிற்கச் செய்தோம். தைத்துக் கட்டுதற்கு இடம் வேண்டுமாதலின், தாளின் இடப்புறத்து ஓரத்தை ஒன்றரை அங்குலமாக்கினோம்.

இவை யாவற்றினும் சிறந்தது ஸ்டைல் என வழங்கும் முறை. முன்பெல்லாம் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே பெரிதாக்கித் தடிப்பாக்கி வந்தோம். இம்முறையிலோ, இது தலைப்பு, இஃது உட்டலைப்பு, இது பத்தி என்று ஒவ்வொன்றன் தன்மையை மட்டும் அறிவித்தல் வேண்டும். தோற்றம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை ஓரிடத்திற் சொன்னாற் போதும். தலைப்புக்களைப் பொறி தானே அறிந்துகொள்வதால், பொருளடக்கத்தையும் பக்க எண்களையும் அதுவே ஆக்கித் தருகின்றது. வேர்டிலும் லிப்ரே ஆபிசிலும் முறை ஒன்றே.

நிற்க. அன்று மாலை எமக்கு அப்பிச்சியின் வேண்டுகோள் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளி அளவுடைய எழுத்தை அவர் கண்கள் எங்ஙனம் காணும்? பத்திக்குரிய ஸ்டைலின் அளவை 22 ஆக்கினோம்; தலைப்புக்குரியதையும் அதற்கேற்ப உயர்த்தினோம். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களும் ஒரு நொடியில் விரிந்தன. பொருளடக்கமும் புதுப்பித்த அளவில் தன் எண்களை மாற்றிக்கொண்டது. அப்பிரதியை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, மறுநாட்காலை பல்லடத்துப் பேருந்தில் ஏறினோம்.

அப்பிச்சி திண்ணையில் அமர்ந்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் இயலில் அவர் விரல் நின்றது. எருதுகள் மேடேறும்பொழுது பறி நீருடன் மேலே வரும் என்று யாம் எழுதியிருந்தோம். அவர் நகைத்து, "எருது மேட்டேறுனா தண்ணி எப்படிக் கண்ணு மேல வரும்?" என்றார். வடத்தை இழுத்துக்கொண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போதே பறி மேலே வரும்; அவை பின்னோக்கி மேடேறுங்கால் வெறும்பறி கிணற்றுள் இறங்கும். கவலையை ஒருநாளும் கண்டறியாத யாம் தலைகீழாக எழுதியிருந்தோம். அதனைப் படித்த ஆசிரியரும் தோழரும் அப்பிழையைக் கண்டிலர். ஓட்டியவர் கண் ஒன்றே கண்டது. அக்கண்ணுக்கு எட்டுமாறு எழுத்து அமைந்ததனாலன்றோ கண்டது!

பிழையைத் திருத்தி, அளவை மீண்டும் பன்னிரண்டாக்கி, மூன்றாம் நாள் ஏட்டைக் கொடுத்தோம். பெரிய எழுத்துப் பிரதி அப்பிச்சியின் இரும்புப் பெட்டியில், நிலப் பத்திரங்களின்மேல் இருக்கின்றது.

நண்பர்காள்! ஒழுங்குபடுத்துதல் எழுதி முடித்தபின் பூசும் வண்ணமென்று யாம் முன்பு எண்ணியிருந்தோம். அது படிப்பவர்க்கு நாம் செய்யும் மரியாதை என இன்று அறிகின்றோம். நீவிர் அடுத்த முறை ஸ்பேஸ் விசையை இரண்டாவது தடவை தட்டக் கையெடுக்கும்பொழுது, சற்றே நின்று, இதற்கெனக் கட்டளை ஒன்று இருக்குமே என எண்ணிப் பார்ப்பீராக.