தம்பியின் விபத்தும் ஒரு காகிதக் கோப்பும்



தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுவோர் பாடம் மட்டும் நடத்துவதில்லை. மலாய்மொழிக் கடிதத்தையோ காப்புறுதிப் பாரத்தையோ நீட்டி, "டீச்சர், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் பெற்றோரும் நம்மைத் தேடி வருகின்றனர். அக்கடிதங்களுள் சாலை விபத்து தொடர்பானவை அதிகம். என் தம்பியின் வழக்கின்வழி நான் அறிந்தவற்றை அவர்களுக்காகவே இங்குப் பதிவு செய்கிறேன்.

எங்கள் குடும்பம் கெடா, சுங்கை பட்டாணியில். தம்பி வேலை செய்ததோ ஜொகூர், பாசிர் கூடாங்கில். 2021 நவம்பரில் இரவுப்பணி முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்பியவன்மீது, எதிர்த்திசையிலிருந்து சந்திப்பில் வலப்புறம் திரும்பிய லாரி மோதியது. வலக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. அப்போது அவனுக்கு வயது 34. மகள் இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். வழக்கைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும், கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் கூறினாராம். தம்பி மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, இப்போதே கையெழுத்துப் போடச் சொல்கிறார்" என்றாள். "போடாதே. பாரத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன். பங்கு எவ்வளவு என்று எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வழக்கில் வென்றால் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்துகொள்வதையே 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. இடைத்தரகருக்கு அங்கு என்ன வேலை?

நாங்களே ஒரு வழக்கறிஞரைத் தேடிக்கொண்டோம். விபத்து நடந்த ஜொகூரிலேயே செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது. எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நடக்கும் வழக்கில் நமக்குத் துணை காகிதங்களே. காவல்துறைப் புகார், விபத்து இடத்தின் வரைபடம், விசாரணை முடிவு, மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டுகள், மருந்து, பயணச் செலவு இரசீதுகள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக அடுக்கினேன். லாரி ஓட்டுநருக்குக் காவல்துறை விதிக்கும் அபராதம் வேறு. நமக்குரிய இழப்பீடு வேறு. வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நேர்ந்த விபத்து என்பதால் சொக்சோவிலும் தனியே விண்ணப்பித்தோம். வழக்கு நடந்த காலத்தில் அடுப்பெரிந்தது அந்தப் பணத்தால்தான்.

வருங்கால வருமான இழப்புக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. முப்பது வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டுகள். அதற்கு மேற்பட்டவருக்கு 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் அந்த 60, 55ஆக இருந்தது. தம்பிக்கு 13 ஆண்டுகள் வந்தன. வாழ்க்கைச் செலவு கழிக்கப்படும். நம் பக்கம் தவறிருந்தால் அதற்கேற்பவும் தொகை குறையும்.

காப்புறுதி நிறுவனத்தின் முதல் பேரத்தில் மிகைநேரச் சம்பளம் சேர்க்கப்படவில்லை. விபத்தில் பாதித் தவறு தம்பியுடையது என்றும் கூறப்பட்டது. கடன் நெருக்கியதால், "வாங்கிக்கொள்ளலாம் அக்கா, போதும்" என்றான் அவன். பதினொரு மாதச் சம்பளச் சீட்டுகளும், லாரி திரும்பிய இடத்தைக் காட்டிய வரைபடமும் கோப்பில் இருந்தன. அவற்றை முன்வைத்து வழக்கறிஞர் வாதிட்டார். 2024இல், விசாரணைக்குச் சில வாரங்களே இருந்தபோது, சமரசம் ஏற்பட்டது. தவறில் ஐந்தில் ஒரு பங்கே தம்பியின்மேல் வைக்கப்பட்டது.

கால் பழையபடி ஆகவில்லை. நெடுநேரம் நிற்க இயலாது. இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறான். மகள் எங்கள் பள்ளிக்கே மாறி வந்து படித்தாள். வீட்டுக்கடன் அடைந்தது, வீடு கைவிட்டுப் போகவில்லை.

பெற்றோர்களே, தீபகற்ப மலேசியாவில் காயத்திற்கான வழக்கை விபத்து நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். உயிரிழப்பு என்றால் குடும்பத்தார் 3 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஆகவே, அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் வாளாவிருத்தலும் கூடாது. புரியாத பாரம் வந்தால் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். எனினும் அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல எங்களால் இயலும்.