நின்றபடி ஓடும் வண்டி

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு சுமார் 16 கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் இதை ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. குரோம்பேட்டை சிக்னல், வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தைக் கூட்டம், திரிசூலத்தில் ஏர்போர்ட்டுக்குள் திரும்பும் டாக்ஸிகள்... நீங்கள் நிற்பீர்கள். ஏ.சி. ஓடும், எஞ்சின் ஓடும். ஓடாதது ஓடோமீட்டர் மட்டும்தான்.

ஒரு சின்ன மனக்கணக்கு. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எஞ்சின் ஆயில் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திருச்சி ரோட்டில் 80-ல் சீராகப் போகிறவருக்கு அது 125 மணி நேர ஓட்டம். மணிக்கு 16 கிலோமீட்டரில் ஊர்கிற நமக்கு 625 மணி நேரம். ஐந்து மடங்கு! கார் கையேட்டில் 'கடுமையான உபயோகம்' என்றால் ஆயிலை முன்னதாகவே மாற்றச் சொல்லியிருப்பார்கள். கடுமை என்றதும் இமயமலை, பாலைவனம் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டமும், கடைக்குப் போய் வரும் குட்டிப் பயணங்களும் அதில் அடக்கம். அதாவது, சேலையூர்வாசிகள் எல்லோரும் கடுமையான உபயோகம்தான்.

என் கார் 2008 மாடல். 2023-ல் பதினைந்து வருஷப் பதிவு முடிந்து, எஃப்.சி. காட்டி இன்னும் ஐந்து வருஷம் வாங்கியிருக்கிறேன். புதுசு வாங்கலாமே என்பீர்கள். அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். கையில் இருப்பது அதற்குப் போகிறது. காலை ஐந்தரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும், வழியில் நிற்கக் கூடாது. அதற்கு மேல் அந்தக் காரிடம் நான் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் மினரல் ஆயிலிலிருந்து சிந்தடிக்குக்கு மாறலாமா என்ற யோசனை.

மெக்கானிக் தலையை ஆட்டினார். "வேணாம் சார். சிந்தடிக் தண்ணி மாதிரி இருக்கும். பழைய வண்டி, சீலெல்லாம் லீக் ஆயிடும்."

அவர் சொன்னதில் பாதி நிஜம். ஆரம்பகால சிந்தடிக் ஆயில்கள் சில ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தன. பிற்பாடு அதற்கு மாற்று மருந்தை ஆயிலிலேயே கலந்துவிட்டார்கள். ஆனால் பழைய எஞ்சினில் சீல் ஏற்கெனவே வெடித்து, அந்த வெடிப்பை அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கலாம். புது ஆயில் அழுக்கைக் கரைத்ததும் ஒழுக ஆரம்பிக்கும். ஆயில் கிழிக்கவில்லை, கிழிசலை மூடியிருந்த ஒட்டை எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

'தண்ணி' விவகாரம் வேறு. டப்பாவில் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, டபிள்யூ என்றால் விண்டர். 5டபிள்யூ ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனையை மைனஸ் 30 டிகிரியில் செய்கிறார்கள். நம் ஊர் விண்டர் என்பது மார்கழியில் மங்கி குல்லாயோடு முடிந்துவிடும். பின்னால் வரும் 30, 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. நமக்கு முக்கியம் இதுதான். மினரலோ சிந்தடிக்கோ, 40 என்றால் 40-க்கு உரிய எல்லைக்குள் இருக்க வேண்டும்.

பின்னே என்னதான் வித்தியாசம்? மினரல் ஆயில் ரேஷன் அரிசி மாதிரி. முழுசு, குறுணை எல்லாம் கலந்து கிடக்கும். பிஸ்டன் ரிங் பக்கம் 200 டிகிரியைத் தாண்டும் சூட்டில் லேசான மூலக்கூறுகள் ஆவியாகும். சில ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாகும். சிந்தடிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால் சூட்டைக் கூடுதல் நேரம் தாங்கும். ரேஸ் காருக்கு என்று விளம்பரத்தில் காட்டுகிறார்கள். உண்மையில் குரோம்பேட்டையில் நிற்கிற காருக்குத்தான் அது அதிகம் தேவை.

இன்னொரு சங்கதி. சிந்தடிக் என்றால் ஆய்வகத்தில் அணு அணுவாகக் கட்டியது என்று நினைக்க வேண்டாம். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் செலுத்தி உடைத்துத் திருத்தி எடுத்ததையும் அப்படி அழைக்கலாமா என்று மொபில், காஸ்ட்ரால் கம்பெனிகளுக்குள் அமெரிக்காவில் தகராறு. 1999-ல் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 'அழைக்கலாம்' என்று சொல்லிவிட்டது. அந்த காஸ்ட்ராலின் பெயரே 1909-ல் விளக்கெண்ணெயிலிருந்து, அதாவது காஸ்டரிலிருந்து, வந்தது. முதல் உலகப் போர் விமானங்கள் விளக்கெண்ணெயில் பறந்தன. புகையைச் சுவாசித்த விமானிகளின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள்.

நான் மாறிவிட்டேன். விலை இரண்டு மடங்குக்கு மேல். மாற்றுவதற்கு முன் எஞ்சினுக்கு அடியில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. கையேடு சொன்ன அதே கிரேடு, கூடவே புது ஃபில்டர். முதல் மாதம் வாரா வாரம் டிப்ஸ்டிக் பார்த்தேன். அளவு குறையவில்லை. நிறம் கறுத்தது. "பாத்தீங்களா சார்?" என்றார் மெக்கானிக். கறுப்பது கெட்டதற்கு அடையாளமல்ல. அழுக்கைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. மைலேஜ் எகிறியதா? நான் கண்டுபிடிக்கிற அளவுக்கு இல்லை.

உங்கள் வண்டி ஏற்கெனவே ஆயில் குடிக்கிறது, ஒழுகுகிறது என்றால் இந்தச் செலவு வேண்டாம். முதலில் சீலைப் பாருங்கள். மாறினாலும், விலை அதிகம் கொடுத்தாயிற்றே என்று மாற்றும் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு, கெடு தவறாமல் மாற்றும் சாதா மினரலே மேல். கிலோமீட்டரோடு மாதத்தையும் எண்ணுங்கள். சிக்னலில் நின்ற நேரமெல்லாம் ஆயிலின் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.