கீழ் ‘சி’ எப்படி வருகிறது?

எஃப் டியூபாவுக்கு மவுத்பீஸ் வாங்க வருகிறவர்கள் கடையில் என்ன வாசித்துப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். நடு ஸ்தாயியில் ஒரு ஸ்கேல். பிறகு வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ முன்னிசையிலிருந்து கைக்குப் பழகிய சில வரிகள். இவை எந்த மவுத்பீஸிலும் சுமாராகவாவது வந்துவிடும். வாத்தியக்காரரும் திருப்தியாகத் தலையாட்டுவார். ஆனால் சோதிக்க வேண்டியது கீழ் சியைத்தான்.

நான்காவது வால்வை அழுத்தி எடுக்கும் அந்த ஒரு ஸ்வரம், ரோட்டரி வால்வு வைத்த எஃப் டியூபாக்கள் பலவற்றில் தீராத் தலைவலி. அதற்கு மேலே வாத்தியம் நன்றாகப் பாடும். சியிலும் அதற்குக் கீழே அடுத்துள்ள ஓரிரு ஸ்வரங்களிலும் மட்டும், ஊதுகிற காற்று உள்ளே எங்கோ முட்டி நிற்பதுபோல் இருக்கும். இதை மவுத்பீஸ் முழுக்கத் தீர்த்துவிடாது. ஆனால் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும்.

1835இல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும் யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸும் காப்புரிமை வாங்கிய முதல் டியூபாவே எஃப் டியூபாதான், ஐந்து வால்வுகளோடு. பெரிய பி ஃபிளாட் டியூபாக்கள் பின்னால் வந்தவை. இன்றோ பலரும் பெரியதில் கற்றுவிட்டுச் சிறியதற்கு வருகிறார்கள். பதினெட்டடிக் குழாயின் முழக்கம் காதில் இருக்கிறது; அதைப் பன்னிரண்டடிக் குழாயிலும் தேடுகிறார்கள். பழைய மவுத்பீஸையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.

அது பெரும்பாலும் ஆழமான புனல் வடிவக் கிண்ணமாக இருக்கும். சூசாவின் பாண்டில் வாசித்த ஆகஸ்ட் ஹெல்லபெர்க்கின் பெயரில் இன்றும் விற்பது இந்த வகைதான். இதை எஃப் டியூபாவில் செருகினால் கீழ் சி கொஞ்சம் திறக்கும், உண்மை. ஆனால் மேல் ஸ்வரங்கள் மங்கிச் சுருதி தொய்யும், தொடக்கங்கள் மழுங்கும். ஆழம் குறைந்த உருண்டைக் கிண்ணத்துக்குப் போனால் நேரெதிர். லண்டன் சிம்பனியின் டியூபா வாத்தியக்காரர் ஃபிலிப் கேட்டலினெட்டுக்காக வான் வில்லியம்ஸ் 1954இல் தந்த டியூபா கான்செர்ட்டோவின் மேல்ஸ்தாயி இடங்கள் சுகமாக வரும்; சி வாயை மூடிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது நடுத்தர ஆழமுள்ள உருண்டைக் கிண்ணம். எஃப் டியூபா தன் குரலில் பேசட்டுமே. பெரியதன் குரல்தான் வேண்டுமென்றால் பெரியதையே தூக்கிக்கொண்டு போகலாம், முதுகு இடம் கொடுத்தால்.

கிண்ணத்தின் வாய் 32 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இரண்டு டியூபாவுக்கும் ஒரே விளிம்பை வைத்துக்கொள்ளுங்கள், உதடு குழம்பாது என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். உதடு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகிவிடும். பழகாதது, குழாயில் செருகும் மவுத்பீஸின் தண்டு. ஐரோப்பியத் தண்டு பருமன், அமெரிக்க வழக்கத் தண்டு ஒல்லி. குழாயின் வாயில் அது எவ்வளவு தூரம் உள்ளே போய் நிற்கிறது என்பதில் சில மில்லிமீட்டர் மாறினாலே சுருதியும் ஸ்வரங்கள் பிடிபடும் விதமும் மாறிவிடும். அருமையான மவுத்பீஸ் ஒன்றைப் பொருந்தாத தண்டோடு ஊதிப் பார்த்து ‘இது ஆகாது’ என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

இன்னொன்று, டியூபாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது அரங்கத்துக்குக் கேட்பதல்ல. பெல் தலைக்கு மேல் கூரையைப் பார்த்துப் பாடுகிறது. நல்ல காதுள்ள ஒருவரைக் கடைசி வரிசையில் திரும்பி உட்காரச் சொல்லி, எந்த மவுத்பீஸ் என்று சொல்லாமல் வாசிக்க வேண்டும். நமக்கு இருட்டாகவும் கம்பீரமாகவும் தோன்றியதை அவர் ‘கலங்கல்’ என்று சொல்லக்கூடும். அவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். புதியது என்பதாலேயே முதல் வாரம் எதுவும் இனிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

நாகஸ்வரத்தில் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதுபோல, இந்த வேலைக்கு இது, அந்த வேலைக்கு அது என்று பை நிறைய மவுத்பீஸ் சேர்ப்பவர்களும் உண்டு. சீவாளி நாணல், நனைந்து, தேய்ந்து, நாளுக்கு நாள் மாறுவது. பித்தளை மாறாது. முசோர்க்ஸ்கியின் மாட்டுவண்டிப் பகுதிக்காக மட்டும் தனி மவுத்பீஸ் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். 1922இல் அந்த இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்த ரவேல் அந்த டியூபா வரியை எழுதியதே எஃப் டியூபாவைவிடச் சிறிய பிரெஞ்சு சி டியூபாவை மனதில் வைத்து. அந்தச் சில நிமிடங்களுக்கு யூஃபோனியத்தை எடுத்துக்கொண்டால் போதும்; இரவல் கிடைக்கும்.